தர்மபுரிக்குக் குடிவந்தவர்களுக்கு: காய்கறி, மளிகைச் செலவைக் குறைக்கும் வழி

பாலக்கோட்டில் விளையும் தக்காளி லாரி ஏறி சென்னைக்கும் பெங்களூருக்கும் போகிறது. அதே தக்காளியை நாம் பக்கத்திலேயே குடியிருந்துகொண்டு ஏசி போட்ட கடையில், விலைச் சீட்டு ஒட்டிய தட்டில் வாங்கி வருகிறோம். மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து தர்மபுரிக்குக் குடிவந்த முதல் ஆறு மாதம் நானும் அப்படித்தான் வாங்கினேன். மாதச் சம்பளத்தில் வாடகையைவிடச் சாப்பாட்டுச் செலவு கூடிப்போனது. எதிர்வீட்டு அக்கா ஒருநாள் என் பையை எட்டிப் பார்த்துவிட்டு, "புளியைக்கூடவா பாக்கெட்ல வாங்குறே? இந்த ஊர்லயா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில்தான் எல்லாம் தொடங்கியது.

பர்கூர், போச்சம்பள்ளி, ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டைகளுக்கு வேலைக்கு வந்தவர்கள், மாற்றலாகி வந்த ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள் என தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரண்டு மாவட்டங்களிலும் புதுக்குடிகள் நிறைய. உங்களுக்காகத்தான் இது. சூப்பர் மார்க்கெட்டுக்கே போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். நானும் மாதம் ஒருமுறை போகிறேன். எதை அங்கே வாங்குவது, எதை வெளியே வாங்குவது என்று பிரிக்கத் தெரிந்தால் போதும்.

முதலில் ஒரு நோட்டு

கடை மாற்றுவதற்கு முன் ஒரு மாதம் எழுதுங்கள். எல்லாப் பொருளையும் எழுத வேண்டாம், கை வலிக்கும், மூன்றாம் நாள் விட்டுவிடுவீர்கள். நீங்கள் அதிகம் வாங்கும் பன்னிரண்டு பொருள் போதும். என் பட்டியல்: அரிசி, துவரம்பருப்பு, உளுந்து, கடலை எண்ணெய், புளி, காய்ந்த மிளகாய், தக்காளி, சின்ன வெங்காயம், தேங்காய், முட்டை, பால், ராகி. ஒவ்வொன்றுக்கும் ஒரு கிலோ அல்லது ஒரு லிட்டர் விலை என்ன என்று எழுதுங்கள். 200 கிராம் பாக்கெட்டில் விலை போட்டிருந்தால் ஐந்தால் பெருக்கி எழுதுங்கள். பாதிப் பேர் ஏமாறுவது இந்தப் பெருக்கலைப் போடாததால்தான். "ஐம்பது ரூபாய்தானே" என்று எடுத்த பாக்கெட், கிலோவுக்கு 250 ரூபாய் என்று தெரிந்தால் கை தானாக நிற்கும்.

இந்த நோட்டு இல்லாமல் சந்தைக்குப் போனால் எது மலிவு என்றே தெரியாது. சந்தை என்றாலே மலிவு என்று நினைப்பதும் ஒரு மயக்கம்தான்.

ரேஷன் கார்டை மறக்காதீர்கள்

வேறு மாவட்டத்துக் கார்டு இங்கே செல்லாது என்று நினைத்துப் பலர் சும்மா வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டு அட்டை இருந்தால் மாநிலத்துக்குள் எந்த ரேஷன் கடையிலும் கைரேகை வைத்து வாங்கலாம். 2020 அக்டோபரிலிருந்து இந்த ஏற்பாடு இருக்கிறது. ஆனாலும் நீண்ட நாள் இருக்கப் போகிறீர்கள் என்றால் முகவரியை மாற்றிக்கொள்வது நல்லது. அந்தக் கடைக்கு வரும் சரக்கில் உங்கள் பங்கும் சேர்ந்து வரும், கடைக்காரரும் முகம் சுளிக்க மாட்டார்.

அரிசி அட்டைக்கு அரிசி இலவசம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், சர்க்கரை கிலோ 25 ரூபாய். வெளியே துவரம்பருப்பு விற்கும் விலைக்கு, அந்த ஒரு கிலோ பருப்பே வரிசையில் நிற்பதற்கான கூலியைக் கொடுத்துவிடும். ரேஷன் அரிசியைச் சோறாகச் சாப்பிடப் பிடிக்காவிட்டால் புழுங்கலரிசியை இட்லி மாவுக்குப் போடுங்கள். எங்கள் தெருவில் பாதி வீட்டு இட்லி அதில்தான் வேகிறது. அரிசியில் கொஞ்சம் நிறம் மாறிய மணிகள் கலந்திருந்தால் 'பிளாஸ்டிக் அரிசி' என்று பொறுக்கி எறிய வேண்டாம். அவை இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துச் செய்த செறிவூட்டிய மணிகள். நூறு மணிக்கு ஒன்று என்பது கலக்கும் அளவு.

தர்மபுரிக்காரர்களுக்கு இன்னொன்று. 2023இல் நீலகிரியிலும் தர்மபுரியிலும் ரேஷனில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு தரும் திட்டத்தைத் தொடங்கினார்கள். உங்கள் கடையில் இருப்பு உண்டா என்று கேளுங்கள். களி கிண்டத் தெரியாவிட்டாலும் கூழும் அடையும் போதும்.

உழவர் சந்தை: விலைப் பலகையைப் படிப்பது எப்படி

தர்மபுரியில் நான்கு ரோட்டுப் பக்கம் இருக்கிறது. கிருஷ்ணகிரி, ஓசூர், காவேரிப்பட்டணம், பாலக்கோடு, பென்னாகரம் ஆகிய ஊர்களிலும் உண்டு. 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தையைத் திறந்தார்கள். அப்புறம் மாநிலம் முழுவதும் பரவியது. இடைத்தரகர் இல்லாமல், அடையாள அட்டை வைத்திருக்கும் விவசாயி நேரடியாக விற்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. கடை வாடகை கிடையாது, தராசும் அங்கேயே கிடைக்கும்.

உள்ளே நுழைந்ததும் முதலில் பார்க்க வேண்டியது விலைப் பலகை. மொத்த விலையைவிட ஏறக்குறைய 20 சதவீதம் கூடுதலாகவும், வெளிச் சில்லறை விலையைவிட 15 சதவீதம் குறைவாகவும் இருக்கும்படி அன்றைய விலையை அதிகாரிகள் முடிவு செய்து எழுதுகிறார்கள். அதனால் இங்கே பேரம் பேசத் தேவையில்லை. பலகையில் இருப்பதைவிடக் கூடக் கேட்டால் மட்டும் பலகையைக் காட்டுங்கள். வீட்டுக்கு வந்ததும் அன்றைய விலையை நோட்டில் எழுதி வையுங்கள். தெருவில் தள்ளுவண்டிக்காரர் சொல்லும் விலை நியாயமா என்று பார்க்க அதுதான் அளவுகோல். நான் வண்டிக்காரரிடமும் வாங்குகிறேன். வாசலுக்கு வந்து தருகிறார், அதற்கு இரண்டு ரூபாய் கூட வாங்கினால் தப்பில்லை. பத்து ரூபாய் கூட வாங்கினால்தான் எனக்குத் தெரிய வேண்டும்.

நேரம் முக்கியம். விடியற்காலையில் போனால் நல்ல காய், ஆனால் கூட்டம். ஒன்பது மணிக்கு மேல் போனால் கூட்டம் குறைவு, காயில் பொறுக்கி எடுத்தது போக மீதி. கீரை, முள்ளங்கி, புதினா இவற்றுக்கு மட்டும் காலை ஏழுக்குள் போய்விடுங்கள். உருளைக்கிழங்கு, பெரிய வெங்காயம் போன்றவற்றுக்கு உழவர் சந்தையில் பெரிய லாபம் இருக்காது. அவை பெரும்பாலும் வெளி மாநிலச் சரக்கு, எங்கே வாங்கினாலும் விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் விளையும் கோஸ், பீட்ரூட், கேரட் நம் பக்கத்துச் சரக்கு. ஓசூரில் இருப்பவர்கள் அதில் அதிர்ஷ்டசாலிகள்.

கார்த்திகை முதல் தை வரை பச்சை மொச்சை வரும். டெல்டாக்காரியான எனக்கு இது புதுசு. மொச்சையை ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி எடுத்து, பிதுக்குப் பருப்புக் குழம்பு வைக்கிறார்கள். இரண்டு கிலோ வாங்கி, தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே மொத்தக் குடும்பமும் பிதுக்கலாம். அந்த வாரம் துவரம்பருப்பு டப்பாவைத் திறக்கவே வேண்டாம்.

வாரச் சந்தைக்கு ஒரு நாள்

இந்த இரண்டு மாவட்டங்களும் ஒரே மாவட்டமாக இருந்தவை. 1965இல் சேலத்திலிருந்து தர்மபுரி பிரிந்தது, 2004இல் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. ஆனால் சந்தை நாள்கள் எல்லைக் கோட்டைப் பார்ப்பதில்லை. செவ்வாய் என்றால் நல்லம்பள்ளி, காரிமங்கலம். புதன் என்றால் அரூர்ப் பக்கம் புழுதியூர். வெள்ளி என்றால் கிருஷ்ணகிரிப் பக்கம் குந்தாரப்பள்ளி. ஞாயிறு என்றால் போச்சம்பள்ளி, இது எல்லாவற்றிலும் பெரியது. ஊசி முதல் உழவு மாடு வரை கிடைக்கும் என்று சொல்வது வெறும் பேச்சில்லை.

நல்லம்பள்ளி, புழுதியூர், குந்தாரப்பள்ளி எல்லாம் ஆடு மாட்டுக்குப் பெயர் போனவை. நமக்கு வேண்டியது அதே இடத்தில் ஓரமாகத் துணி விரித்துக் காய் விற்கும் பாட்டிகள். சந்தையில் இரண்டு விதமான விற்பனையாளர்கள் இருப்பார்கள். ஒருவர் ஐம்பது சாக்கில் எல்லாக் காயும் வைத்திருப்பார். அவர் மண்டியில் எடுத்து வந்து விற்கும் வியாபாரி. இன்னொருவரிடம் கத்தரிக்காய், அவரைக்காய், ஒரு குவியல் கீரை, நாலு பூசணிக்காய் மட்டும் இருக்கும். அது அவர் தோட்டத்தில் விளைந்தது. காய் வாங்க இரண்டாமவரிடம் போங்கள். வெங்காயமும் பூண்டும் வாங்க முதலாமவரிடம் போங்கள்.

இங்கே கூறு கட்டி விற்பார்கள். பத்து ரூபாய்க் கூறு, இருபது ரூபாய்க் கூறு. கூறு மலிவாகத் தெரியும், ஆனால் குவியலின் அடியில் என்ன இருக்கிறது என்று கையால் கலைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பேரம் பேசலாம், அளவோடு. ஐந்து ரூபாய் குறைக்க ஒரு பாட்டியோடு பத்து நிமிடம் மல்லுக்கட்டுவது எனக்குப் பிடிக்காது. விலையைக் குறைக்காமல் "கொஞ்சம் கூடப் போடுங்கம்மா" என்று கேட்டுப் பாருங்கள். கறிவேப்பிலையும் நாலு பச்சைமிளகாயும் கொசுறாக விழும். மாலை இருட்டும் நேரத்தில் விலை தானாக இறங்கும். திரும்பித் தூக்கிக்கொண்டு போக யாருக்கும் மனசு வராது. ஆனால் அந்த நேரத்தில் வாங்கிய கீரை அன்றைக்கே குழம்பில் போக வேண்டும்.

காரிமங்கலத்தில் தேங்காய் பாருங்கள். எங்கள் வீட்டில் மாதம் இருபது காய் செலவாகிறது, மட்டை உரித்த காயாக ஒரே தடவையில் வாங்கி, குடுமியை விட்டு வைத்து, நிழலில் நிற்க வைத்தால் மாதம் தாங்கும். குடுமியைப் பிய்த்தால் கெட்டுப்போகும். இதை நான் மூன்று காயைத் தூக்கிப் போட்ட பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

போக்குவரத்துச் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பெண்களுக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் 2021 மே மாதத்திலிருந்து கட்டணம் இல்லை. அதனால் சந்தைக்கு நான்தான் போவேன், என் கணவர் வண்டியில் வந்தால் பெட்ரோல் போகும். இதைச் சொன்னால் அவர் சிரித்துவிட்டுப் படுத்துக்கொள்வார்.

தக்காளி மண்டி: ஒரு பாடம்

பாலக்கோடும் ராயக்கோட்டையும் தக்காளிக்குப் பெயர் போன சந்தைகள். இங்கே விலை ஆடும் ஆட்டம் வேறெங்கும் பார்க்க முடியாது. சில வாரங்களில் பறிப்புக் கூலிகூடக் கட்டாமல் விவசாயிகள் சாலையோரம் கொட்டுவார்கள். 2023 ஜூலையில் அதே தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. நல்ல விலை இல்லாத காலத்தில் மண்டியில் ஒரு கிரேடு, அதாவது இருபத்தைந்து கிலோ பிடிக்கும் பிளாஸ்டிக் பெட்டி, நம்ப முடியாத விலைக்குப் போகும். ஏலத்தில் நாம் நிற்க வேண்டியதில்லை, அது வெளியூர் வியாபாரிகளுக்கானது. ஏலம் முடிந்து ஓரமாக வைத்திருப்பவர்களிடம் ஒரு கிரேடு கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். கிரேடுப் பெட்டி உங்களுடையது இல்லை, மறக்காமல் சாக்கோ பெரிய பையோ எடுத்துப் போங்கள்.

நான் செய்த தப்பைச் சொல்கிறேன். மலிவாகக் கிடைத்ததே என்று ஒரு முழுக் கிரேடு வாங்கினேன். நான்கு பேர் உள்ள வீடு. வீட்டுக்கு வந்ததும் அப்படியே பையோடு மூலையில் வைத்துவிட்டேன். மூன்றாம் நாள் வாடை அடித்தது. கொட்டிப் பார்த்தால் அடியில் இருந்ததெல்லாம் கூழ். ஏழெட்டுக் கிலோ குப்பைக்குப் போனது. நாங்கள் பாலக்கோட்டுக்கு வண்டியில்தான் போயிருந்தோம். போக வர ஐம்பது கிலோமீட்டருக்குக் கிட்ட, ஒரு லிட்டர் பெட்ரோல். நூறு ரூபாய் பெட்ரோலை இருபத்தைந்து கிலோவில் வகுத்தால் கிலோவுக்கு நாலு ரூபாய் ஏறிவிட்டது. மூன்றில் ஒரு பங்கு அழுகினால் மீதிக் காயின் விலை ஒன்றரை மடங்கு. கூட்டிப் பார்த்தபோது உழவர் சந்தையிலேயே வாங்கியிருக்கலாம் என்று ஆனது.

இப்போது செய்வது வேறு. நான்கு வீட்டார் சேர்ந்து ஒரு கிரேடு. ஆளுக்கு ஆறு கிலோ. வேறு வேலையாக அந்தப் பக்கம் போகிறவர் வாங்கி வர வேண்டும், தக்காளிக்காக யாரும் தனியாகப் போகக் கூடாது என்பது எங்கள் தெருச் சட்டம். வீட்டுக்கு வந்ததும் பழுத்தது, செங்காய், காய் என்று மூன்றாகப் பிரித்து, காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி தரையில் பரப்ப வேண்டும். பழுத்ததில் இரண்டு கிலோவை அன்றைக்கே தொக்காக்கினால், காற்றுப் புகாத பாட்டிலில் எண்ணெய் மிதக்க வைத்து, குளிர்பதனப் பெட்டியில் ஒரு மாதம் தாங்குகிறது. பங்குனி வெயிலில் உப்புத் தடவி வற்றல் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

ஆண்டுக்கு ஒருமுறை வாங்குவது

உண்மையான மிச்சம் இங்கேதான். காய்கறியில் வாரம் நூறு இருநூறு மிஞ்சும். வருடச் சரக்கில் ஒரே தடவையில் ஆயிரக்கணக்கில் மிஞ்சும். ஆனால் கையில் பணம் சேர்ந்தாற்போல் வேண்டும், வீட்டில் இடம் வேண்டும். வாடகை வீட்டில் ஒரே அறை என்றால் இந்தப் பகுதியைப் பாதி படித்தால் போதும்.

புளிக்கு முதலிடம். தர்மபுரி, கிருஷ்ணகிரி புளி வெளி மாவட்டங்களுக்கெல்லாம் போகிறது. மாசி, பங்குனியில் மரம் உலுக்குவார்கள், அப்போதுதான் விலை இறங்கும். மழைக்காலத்தில் வாங்கினால் குளிர்பதனக் கிடங்கிலிருந்து வந்த சரக்கு, கிடங்கு வாடகையும் விலையில் ஏறியிருக்கும். கிராமங்களில் திண்ணையில் உட்கார்ந்து புளி தட்டிக் கொட்டை எடுக்கும் பெண்களைப் பார்க்கலாம். அவர்களிடமோ, அவர்களுக்கு வேலை தரும் புளி வியாபாரியிடமோ நேரடியாகக் கேளுங்கள்.

கொட்டையோடு வாங்குவதா, எடுத்ததை வாங்குவதா? ஓடு நீக்கிய புளியில் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொட்டையும் நாருமாகப் போய்விடும். ஆக, கொட்டைப்புளி விலையை 0.6 ஆல் வகுத்துப் பாருங்கள். கொட்டைப்புளி கிலோ 80 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வகுத்தால் 133. கொட்டை எடுத்த புளி 140 என்றால் ஏழு ரூபாய்க்காக நகம் கறுக்க உட்கார வேண்டாம். 180 என்றால் உட்காருங்கள். எங்கள் வீட்டில் ஆண்டுக்கு ஏழு கிலோ ஆகிறது. ஒரு நாள் வெயிலில் காயவைத்து, நார் பார்த்து, கல்லுப்பைத் தூவித் தூவி மண்பானையிலோ பீங்கான் ஜாடியிலோ அடைத்து வையுங்கள். அலுமினியப் பாத்திரம் ஆகாது, புளிப்பு அரித்துவிடும். புதுப்புளி பழுப்புச் சிவப்பாக இருக்கும், நாளாக ஆகக் கறுக்கும். கறுத்தது கெட்டது என்று அர்த்தமில்லை. பழம்புளியில் ரசம் வைத்தால்தான் ரசம் என்று இங்கே சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு.

அடுத்தது ராகி. பாக்கெட் மாவை வாங்காதீர்கள். தானியமாக ஐந்து கிலோ வாங்கி, நீரில் அலசிக் கல் அரித்து, ஒரு நாள் காயவைத்து, தெரு மாவு மில்லில் அரைத்துக்கொள்ளுங்கள். அரைப்புக் கூலி சேர்த்தாலும் பாக்கெட் மாவைவிடக் குறைவுதான், வாசனைக்கு விலையே இல்லை. அரைத்த மாவு சூடாக இருக்கும்போதே டப்பாவில் மூடினால் வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். செய்தித்தாளில் பரப்பி ஆறவிட்டு மூடுங்கள். மிளகாய்த்தூள், மல்லித்தூள், சாம்பார்ப் பொடி எல்லாவற்றுக்கும் இதே வழிதான். மிளகாயும் மல்லியும் மாசி தொடங்கிப் புது வரத்து, கோடை வெயிலில் காயவைத்து அரைப்பது வசதி. மலைத் தானியம் வேண்டுமென்றால் சித்தேரி மலைச் சாமை அரூர்ப் பக்கம் கிடைக்கும். விலையில் மிச்சம் என்று சொல்ல மாட்டேன், சுவைக்காக வாங்குவது.

அரிசி மூட்டையில் ஒரு வேடிக்கை. கடையில் 26 கிலோ சிப்பம் பார்த்துக் குழம்பாதீர்கள். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை பாக்கெட்டில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி வந்தது. வரி விழாமலிருக்க உடனே ஆலைக்காரர்கள் ஒரு கிலோ கூட்டிவிட்டார்கள். ஆகவே இரண்டு மூட்டையை ஒப்பிடும்போது மூட்டை விலையைப் பார்க்காமல் கிலோ விலையைப் பாருங்கள். சிப்பம் வாங்கும் முன் அதே அரிசியில் ஒரு கிலோ வாங்கிச் சமைத்துப் பாருங்கள். பிடிக்காத அரிசி 26 கிலோ வீட்டில் இருந்தால் இரண்டு மாதம் முகத்தைத் தூக்கிக்கொண்டு சாப்பிட வேண்டும். அறுவடை முடிந்து உடனே வரும் புது அரிசி குழையும். பழைய அரிசி கூடுதல் விலை, ஆனால் பாத்திரம் நிறையப் பொங்கும்.

வெல்லம் பாலக்கோட்டுப் பக்கத்துக் கரும்பு ஆலைகளில் காய்ச்சுகிறார்கள். பளீரென்று மஞ்சளாக இருக்கும் அச்சு வெல்லத்தைத் தொடாதீர்கள், அந்த வெளுப்பு பெரும்பாலும் ரசாயனம் போட்டது. கறுப்பாக, கொஞ்சம் அழுக்குபோல் இருப்பதை வாங்கிப் பாகு காய்ச்சி வடிகட்டுங்கள்.

செக்கு எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் பலர் 'செக்கில் வாங்கினால் மிச்சம்' என்று சொல்கிறார்கள். மிச்சம் இல்லை. ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரை கிலோ நிலக்கடலைப் பருப்பு வேண்டும். பருப்பு கிலோ 120 ரூபாய் என்றால் 300 ஆகிறது. புண்ணாக்கு விற்ற காசைக் கழித்து, செக்கில் ஆட்டும் கூலியைக் கூட்டிப் பாருங்கள். அதற்கும் கீழே யாராவது 'சுத்தமான செக்கெண்ணெய்' விற்றால் அதில் வேறு ஏதோ எண்ணெய் இருக்கிறது. நல்ல எண்ணெய் வேண்டும் என்று வாங்குங்கள், காசு மிஞ்சும் என்று வாங்காதீர்கள். நாங்கள் தாளிக்கவும் ஊறுகாய்க்கும் செக்கெண்ணெய், பொரிக்க ரேஷன் பாமாயில் என்று பிரித்துக்கொண்டோம்.

மாம்பழக் காலம்

சித்திரை முதல் ஆனி, ஆடி வரை. கிருஷ்ணகிரி மாவட்டம் மாங்காய்க்கு மாநிலத்திலேயே முதலிடம். காவேரிப்பட்டணம், சந்தூர், போச்சம்பள்ளிச் சாலையில் போனால் தோப்பு வாசலிலேயே விற்பார்கள். கூழ் ஆலைகளுக்குப் பெரும்பாலும் போவது கிளிமூக்கு. தோத்தாபுரி, பெங்களூரா என்பதெல்லாம் அதுதான். சாப்பிட செந்தூராவும் பங்கனப்பள்ளியும் வாங்குங்கள். கடைசியில் வரும் நீலம் மலிவு, ஆனால் வண்டு இருக்கும், வெட்டிப் பார்த்துச் சாப்பிடுங்கள். மல்கோவாவும் இமாம்பசந்தும் பணக்காரப் பழங்கள், ஆண்டுக்கு இரண்டு கிலோ ஆசைக்கு.

பழமாக வாங்காமல் முற்றிய காயாக வாங்குங்கள். விலை குறைவு, கார்பைடு பயமும் இல்லை. வைக்கோலில் பரப்பி மூடினால் ஐந்தாறு நாளில் பழுக்கும். வைக்கோல் கிடைக்காதவர்கள் அரிசிச் சிப்பத்தில் புதைக்கலாம். தினமும் எடுத்துப் பாருங்கள், ஒன்று அழுகினால் பக்கத்தில் இருப்பதையும் கெடுத்துவிடும்.

மற்றவை, சுருக்கமாக

முட்டையை முப்பது உள்ள ட்ரேயாக மொத்தக் கடையில் வாங்குங்கள். நாமக்கல் பக்கத்திலேயே இருப்பதால் பண்ணை விலை செய்தித்தாளில் தினமும் வரும், அதோடு ஒப்பிடலாம். கிராமத்தை ஒட்டி வீடு என்றால் பால் சங்கத்தில் காலையிலேயே பாத்திரத்தோடு போய்க் கேளுங்கள், கறந்த பால் கிடைக்கும். மீனுக்கு நான் இன்னும் அழுகிறேன், கடற்கரைக்காரி. கிருஷ்ணகிரி அணை மீன், ஒகேனக்கல் மீன் என்று மனசைத் தேற்றிக்கொள்கிறேன், கடல்மீனைவிட மலிவு. செவுள் சிவப்பாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அப்புறம் சூப்பர் மார்க்கெட்டில் எதை வாங்குவது? சோப்பு, பல்பசை, டீத்தூள், பிஸ்கெட், சலுகை போட்ட பாக்கெட் எண்ணெய். இவை பெட்டிக்கடையில் எம்ஆர்பி விலைக்கு விற்கும், பெரிய கடையில் தள்ளுபடி உண்டு. சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பசியோடு போனால் பட்டியலில் இல்லாத நாலு பொருள் கூடையில் விழும். 'ஒன்று வாங்கினால் ஒன்று' என்றால் காலாவதித் தேதியைத் திருப்பிப் பாருங்கள்.

கிளம்பும் முன்

இரண்டு துணிப்பை, கீரைக்குத் தனியாக ஒன்று, முட்டைக்கும் தக்காளிக்கும் அடிபடாமல் ஒரு வாளி. 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை, சந்தையில் பை கேட்டால் பாட்டி முறைப்பார். தராசில் முத்திரை இருக்கிறதா, எடை போடும் முன் எண் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் வீட்டில் சின்ன சமையல் தராசு ஒன்றில் எடை போட்டுப் பார்த்து, அடுத்த முறை அதே இடத்துக்குப் போகலாமா என்று முடிவு செய்யுங்கள். தொடர்ந்து ஏமாற்றினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

முதல் மாதமே எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். முதல் மாதம் நோட்டு, அடுத்த வாரம் உழவர் சந்தை, அதற்கடுத்த வாரம் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் வாரச் சந்தை. மாசியில் புளி. கையில் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலான கடையில் கியூஆர் அட்டை தொங்கும், ஆனால் கூறு விற்கும் பாட்டியிடம் போன் இருக்காது. பத்து ரூபாய் நாணயமாக மட்டும் கொண்டு போகாதீர்கள், அது செல்லும் என்று எத்தனை முறை சொன்னாலும் திருப்பித் தந்துவிடுவார்.